டிபன் பாக்ஸில் வந்த ஓரிதழ்தாமரை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நாட்டு மருந்துக் கடையில் போன வாரம் சுக்கு வாங்க நின்றிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓரிதழ்தாமரைப் பொடி பாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பிடரி சிலிர்த்த ஒரு குதிரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டு, "வயசெல்லாம் ஒண்ணும் இல்ல சார், பால்ல கலக்கிக் குடிங்க" என்று குரலைத் தாழ்த்தினார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் செடி என்றாலே ஆண்பிள்ளை மருந்துதான். என் மனைவி கலாவுக்கு மட்டும் அது வயலட் பூவின் உறவுக்காரி. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தாவரவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பரீட்சை பாஸானா மேல படிக்கட்டும், இல்லன்னா ஊட்டோட இருக்கட்டும்" என்று என் அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வுக்குத் தாவரக் குடும்பத்துக்கு ஒரு செடி என்று உலர்த்தித் தாளில் ஒட்டித் தரவேண்டும். வயலட் குடும்பம் மட்டும் கிடைக்கவில்லை.

"அசல் வயலட்டு ஊட்டிப் பக்கம் மலைலதான் இருக்குதாம். நமக்கு ஓரிதழ்தாமரைதாங்க. பெருமுக்கல் மலைல இருக்குதுன்னாங்க. பூவோட வேணும்" என்றாள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. லேத் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். எனக்குத் தெரிந்த செடிகள் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்தான்.

மலையடிவாரத்தில் கன்னியம்மா என்ற அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். செடியின் பெயரைச் சொன்னதுமே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாலம் ஆயி எத்தினி மாசம் தம்பி?"

"ஐயோ, அதுக்கில்லக்கா. எம் பொண்டாட்டி படிப்புக்கு."

"வர்றவங்க எல்லாம் இப்பிடித்தான் எதனா சொல்லிக்கினு வர்றாங்க."

"அவ ஏழு மாசம்க்கா!"

"அப்பறம் ஏன் தம்பி உனக்கு இந்தப் பேஜாரு?"

சிரித்துக்கொண்டே மேலே கூட்டிப்போனார். பாறைகளுக்கு நடுவே புல்லோடு புல்லாகச் சரிவு முழுக்க இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரே ஒரு ஊதா இதழ். நான் குனிவதற்குள் அக்கா கைநிறையப் பிடுங்கி, நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியை உதறுவதுபோல முழங்காலில் படபடவென்று அடித்து மண்ணை உதறினார். இதழ் அத்தனையும் கொட்டிப்போயிற்று. மருந்துக்கு வேரும் தழையும் போதும், பூவை யார் கேட்டார்கள்?

"அக்கா, பூவு!" என்று கத்தினேன். பூ இல்லாவிட்டால் கலா வீட்டோடு முடங்கவேண்டியதுதான் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அக்காவின் சிரிப்பு நின்றது.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று அரிவாள் முனையால் ஒரு செடியை மண்ணோடு நெம்பினார். வைக்கப் பாத்திரம் இல்லை. டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை இருவருமாக அங்கேயே தின்று தீர்த்தோம். கழுவிய டப்பாவில் செடியை வைத்து, பஸ்ஸில் மூடியை முழுக்க மூடாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் உள்ளே மீன்குஞ்சு இருப்பதாகவே நம்பினார்.

வீட்டுக்கு வந்து திறந்தபோது இதழ் இருந்தது. கலா அழுதுவிட்டாள். நான் பசி என்று சொல்லி அடுப்படிக்குள் நழுவினேன். அவள் பாஸானதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அப்பாதான்.

இப்போது கலா கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. இந்த மழைக்குப் பிறகு மாணவர்களோடு பெருமுக்கல் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். அந்தச் சரிவில் ஒரு செடி இல்லை. அத்தனையும் வேரோடு குதிரைப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. கலா அசரவில்லை. பாறை பாறையாகக் குனிந்து தேடி, ஒரு வெடிப்பில் நாலைந்து செடிகளைக் கண்டுபிடித்து எல்லோரையும் கூப்பிட்டாள். எந்தப் பாறை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

"காய் வெடிச்சு விதை விழட்டும். யாரும் தொடாதீங்க" என்றாள்.

"அப்ப தாள்ல என்ன மேடம் ஒட்டுறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒண்ணும் ஒட்டாத. பாத்தேன்னு மட்டும் எழுது. எங்கன்னு எழுதுனா மார்க்கு கெடையாது."

போன வாரம் அந்தத் தாள்களை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருத்தினாள். செடி இல்லாத தாள்கள், ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண்.