இருபத்து நாலு இன்ச் வாசல்

சேவைச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் இருப்பது மாதிரி. பந்தியில் இடம் கிடைக்காது, ஒரு ஜோடி காணாமல் போனால் மட்டும் எல்லாரும் நம்மைத் தேடி வருவார்கள்.

ஓசூரில் நட்டு போல்ட் கடை வைத்திருக்கிறேன். சங்கத்து உறுப்பினர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். லேத் வைத்திருப்பவர், வெல்டிங் பட்டறைக்காரர், பவுடர் கோட்டிங் போடுபவர் என்று எல்லாரும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப்வொர்க் செய்து பிழைக்கிறவர்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும், அதில் நிம்மதி கெட்ட ஒரு செயலாளரும் இருப்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கண் முகாம்

போன வருடம் தொரப்பள்ளியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் போட்டோம். நோட்டீஸ் அடித்தோம், ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னோம், டாக்டரையும் நர்சையும் காரில் கூட்டிவந்தோம். ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கு நேரம் இருக்குமா என்று மட்டும் கேட்கவில்லை. அன்று தக்காளி பறிக்கிற நாள். முகாமில் நாங்கள் பதினாலு பேர், கண் காட்ட வந்தவர்கள் ஆறு பேர்.

டாக்டர் முன்னால் மானம் போகக் கூடாதென்று எங்கள் தலைவர் முனிரத்தினம் எங்களையே வரிசையில் உட்காரவைத்தார். முதல் ஆளாகத் தானும் உட்கார்ந்தார். அவர் பவுடர் கோட்டிங் யூனிட் முதலாளி. நூல் அளவு பெயிண்ட் விட்டுப்போயிருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவர். நர்ஸ் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "சார், இன்னிக்கு வந்ததுல மொத ஆபரேஷன் உங்களுக்குத்தாங்க."

நாற்காலியில் பதினாலு கை

அம்சவேணிக்கு முப்பது வயது இருக்கும். சாமல்பட்டிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வருகிற பொருளை அளந்து பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று அட்டை கட்டுகிற வேலை. சர்வீஸ் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி, இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது காலில் பிளேட் வைத்திருந்தார்கள். அதை ஊன்றி நிற்க இன்னும் பல மாதம் ஆகும் என்றார்கள். அவருக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுப்பதென்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம்.

எங்கள் சங்கத்தில் பொருள் வருவதற்கு முன்பே பேனர் வந்துவிடும். மண்டபம் பிடித்தோம், சால்வை வாங்கினோம். அம்சவேணியை அவர் தங்கையும் ஒரு ஆட்டோக்காரரும் அக்கா தங்கை குடியிருந்த மத்திகிரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, மேடையில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார்கள். நடக்க முடியாதவரை ஏன் இங்கே வரவழைக்க வேண்டும், நாற்காலிக்குத்தான் சக்கரம் இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பதினாலு பேரும் நாற்காலியில் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தோம். ஐந்தாறு போட்டோ வரைக்கும் பொறுத்திருந்த அம்சவேணி மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் கைய எடுத்தீங்கன்னா, நான் உக்காந்து பாப்பேன் சார்."

சிவப்பு அட்டை

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். நாற்காலி வெளியே நிற்கிறது, வந்து பாருங்கள் என்றார். டயர் பஞ்சராகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எட்டு ரூம் ஒரே வரிசையில் இருக்கும் லைன் வீடு. வரிசையின் கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். நாற்காலி ரூம் வாசலுக்கு வெளியே நின்றது. வீட்டுக்கார அம்மா அதன்மேல் முறத்தை வைத்து ராகி காயப்போட்டிருந்தார். கைப்பிடியில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. கம்பெனியில் கழித்த பொருளுக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி. 'சேர் 26 இன்ச், வாசல் 24 இன்ச்' என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது.

உள்ளே போனேன். தங்கை காலை ஆறு மணிக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புகிறாள். அதுவரை அம்சவேணியைக் கக்கூஸுக்குத் தூக்கிப்போக ஆள் கிடையாது. அதனால் பகல் முழுக்க அவர் தண்ணீரே குடிப்பதில்லை. சொம்பைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்திருந்தார். கம்பெனியில் அவருடைய மேஜையை அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே சாய்தளம் இருக்கிறது, கதவு அகலம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. இந்த ரூமை விட்டு வெளியே வருவது ஒன்றுதான் பாக்கி. "நல்ல கம்பெனி சேர்தானேம்மா அது" என்று உளறினேன். அவர் கோபப்படவில்லை. "மெட்டீரியல் நல்லாத்தான் இருக்குதுங்க சார். ஃபிட்மெண்ட் இல்ல. ரிஜெக்ட்."

கௌரம்மாவின் யோசனை

வீட்டுக்கார அம்மாவின் பெயர் கௌரம்மா. வாடகைக்காரர்களிடம் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், மாட்டேன் என்று சொல்ல மட்டும் தமிழ். வாசலை நாங்களே இடித்து அகலமாகக் கட்டித் தருகிறோம், சிமெண்டும் எங்களுடையது, ஆளும் எங்களுடையவர் என்றேன். மாட்டேன் என்றார். மறுநாள் இனிப்போடு போனேன். இனிப்பை வாங்கிக்கொண்டு மாட்டேன் என்றார்.

நானும் விடுவதாக இல்லை. அந்தக் கவிழ்த்த சொம்பு கண்ணை விட்டுப் போக மறுத்தது. மூன்றாம் நாள் போய், புண்ணியமாகப் போகும் அம்மா, ஒரே ஒரு வாசல்தானே என்று கெஞ்சினேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த கௌரம்மா நிமிர்ந்தார். "இவளுக்கு ஒடச்சா எட்டு ரூமுக்கும் ஒடைக்கணும். பேடப்பா, பேடா, வேணாம். என் வாசல எதுக்கு ஒடைக்கிற? உன் சேர ஒடைச்சிக்கோ!"

நாற்காலி கூட்டத்துக்கு வந்தது

கோபத்தோடு டவுன் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது, அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று.

மாதக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். தானமாகக் கொடுத்த பொருளில் கைவைக்கலாமா என்று ஒருவர். வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று ஒருவர். இதைவிடப் பெரிய நாற்காலியாக ஒன்று கொடுத்துவிடலாம் என்றார் தலைவர். இவருக்குக் கண் ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டேன். பேச்சில் காரியம் ஆகாது என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் நாற்காலியை மத்திகிரியிலிருந்து ஆட்டோவில் ஏற்றிவந்து மண்டபத்துக்கு வெளியே வைத்திருந்தேன். உள்ளே உருட்டிவந்து, தலைவர் மேஜைக்கு எதிரே நிறுத்தி, "வாசல் இருபத்து நாலு, சேர் இருபத்தாறு. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

வெல்டிங் பட்டறை ஜபருல்லா பாய் எழுந்துவந்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சீட்டுக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி இருந்த பைப்பைத் தட்டிப் பார்த்தார். லேத்காரர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் பதினாலு பேரும் தரையில் குந்தியிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட எந்த இடத்தில் வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று சண்டை போட்டார்கள். பாய் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. "இது ஒரு ஜாப்னு மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நேரம் பேசியிருப்பமாப்பா? டிராயிங் குடு."

பாயின் முப்பது வருட அனுபவம்

பாய் பைப்புகளை வெட்டி ஒட்டி இருபத்து மூன்றரைக்குக் கொண்டுவந்தார். அம்சவேணி ஒல்லி, சீட்டு குறுகியது அவருக்குத் தொந்தரவாக இல்லை. நாற்காலி வாசலில் வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் கைதட்டினோம். அம்சவேணி கையை நீட்டிக் காட்டினார். சக்கரத்தைத் தள்ளும்போது விரல் முட்டி நான்கும் வாசல் நிலையில் உரசித் தோல் போயிருந்தது. சேர் போகிறது, கை போகவில்லை. சிவப்பு அட்டை.

பாய் முகம் தொங்கிப்போனது. சக்கரத்துக்கு வெளியே இருந்த தள்ளு வளையத்தைக் கழற்றிவிட்டு இருபத்திரண்டுக்கு இறக்கினார். டயரையே பிடித்துத் தள்ளிக்கொள்ளக் கையுறை கொடுத்தோம். இப்போது கையும் போனது, கக்கூஸ் கதவிலும் நுழைந்தது. ஆனால் பிரேக் பிடித்தும் நாற்காலி அரை இன்ச் நகர்ந்தது. கட்டிலிலிருந்து மாறி உட்காரும்போது அந்த அரை இன்ச்சில் ஆள் கீழே விழலாம். மறுபடியும் சிவப்பு அட்டை. திரும்பி வந்து, பட்டறை வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது பாய் சொன்னார்: "முப்பது வருசமா பெரிய பெரிய கம்பெனியெல்லாம் எனக்கு பாஸ் போட்டிருக்கு. அந்தப் பொண்ணு டேபிள்ல நம்ம பருப்பு வேகல."

நான் உட்கார்ந்த கதை

பிரேக்கும் சரியாயிற்று. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. இனி என்ன குறை சொல்வார் என்கிற நினைப்போடு, "எல்லாம் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சலிப்பு தெரிந்திருக்க வேண்டும். "நீங்க உக்காந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வாங்க" என்றார். இதென்ன பிரமாதம் என்று, ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்தேன். நான் ஒல்லி இல்லை. வாசல்படியில் இறங்கும்போதே முன்பக்கமாகக் கவிழப் பார்த்தேன். எட்டு ரூம்காரர்களும் வேடிக்கை பார்க்க, ஐந்தாவது ரூமுக்கு எதிரே சாக்கடைக் கல் விட்டுப்போன சந்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கௌரம்மா தவிட்டுக் கையோடு ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்துவிட்டார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அம்சவேணி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அதுவரை என்னை சார் என்றே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் மாற்றினார்: "கோவிச்சுக்காதீங்கண்ணா. நாங்க கொற சொல்றது பொருளத்தான், ஆள இல்ல."

திரும்பவும் பேனர்

நான்கு நாளில் மிச்ச வேலை முடிந்தது. ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த தலைவர், வாசல்படிக்கு இரும்பில் ஒரு சாய்தளம் செய்து, வழுக்காத பூச்சு போட்டு அனுப்பினார். பாய் கக்கூஸ் சுவரில் கைப்பிடி பதித்தார். சாக்கடைச் சந்தை நானே சிமெண்ட் போட்டு மூடினேன். கௌரம்மா திட்டிக்கொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இவ்வளவு செய்துவிட்டுச் சும்மா இருப்போமா? ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு நல்ல நேரம் பார்த்து, இந்த முறை நாங்களே மத்திகிரிக்குப் போனோம். பேனர், சால்வை, போட்டோகிராபர், பதினாலு பேர். ரூம் பூட்டியிருந்தது. நாற்காலியைக் காணோம். தாழ்ப்பாளில் ஒரு பச்சை அட்டை தொங்கியது. அதில் அளவு, தேதி, கையெழுத்து, அதற்கு மேலே பெரிதாக 'பாஸ்'. பாய் அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. ஆள் எங்கே என்று தலைவர் கேட்டார். கௌரம்மா எங்கள் பேனரை மேலும் கீழும் பார்த்தார். "மொத ஷிஃப்டுப்பா அவளுக்கு. ஆறு மணிக்கே ஆட்டோல சேர மடிச்சிப் போட்டுக்கினு போயிட்டா. இத்தாம் பெரிய பாட்டல் நெறைய தண்ணி எடுத்துக்கினு போனா."

பூட்டிய கதவுக்கு முன்னால் பதினாலு பேர் பேனரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் அந்தப் போட்டோவைத்தான் ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டேன், ஏனென்றால் எங்கள் சங்கம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தது என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி, அதில் அம்சவேணி இல்லாததுதான்.