அவளுடைய கடிதம் என் மின்னஞ்சலில்

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையைக் கணினி நிலையமாக்கியிருக்கிறோம். ஞாயிறுதோறும் நான் இருக்கும் மம்பாவிலிருந்து போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

சென்ற ஆண்டு அவர்களில் பள்ளி முடித்தவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டோம். இணைய லைன் அடிக்கடி விட்டுப்போனது. ஆளுக்கொரு மின்னஞ்சல் தொடங்கப் பொறுமையில்லாமல், எல்லோருக்கும் என்னுடையதையே கொடுத்துவிட்டேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

பிறகு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு வாரம் மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை. திறந்தபோது, அவர்களில் ஒருத்தியான ஷாலினிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் கிடந்தது. ஒப்புதல் தர அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. அப்போதே மணி நாலரை.

உடனே அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கெடைக்கலன்னு நெனச்சு பேக்டரில சேந்துட்டேன் டீச்சர்," என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?"

"உங்கம்மா ஆஸ்பத்திரில இருக்கறப்ப கேக்க மனசு வரல. நானே பாத்திருப்பேன் லா. ஆனா பாஸ்வர்ட் உங்ககிட்டதானே இருந்துச்சு."

கோபமே இல்லாமல் சொன்னாள். கல்லூரிக்கே போகிறேன் என்றாள்; ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஒப்புதல் போய்ச் சேர்ந்தது. பாஸ்வர்டைப் பற்றி அவள் சொன்னது மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இப்போதெல்லாம், ஒரு ஞாயிறு முழுவதும் ஆனாலும், பிள்ளைகளே தங்கள் மின்னஞ்சலைத் தொடங்குகிறார்கள். அவர்கள் கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.