பாதியில் எழுதிய விமர்சனம்

புதிதாக வரும் வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் அவர் பிழைப்பு. எதையும் பாதிக்கு மேல் விளையாடாமலே கிழிகிழியென்று கிழிப்பார். தங்கை கணவர் தனியாளாக உருவாக்கிய கேமையும் விடவில்லை.

விமர்சனம் வெளியான அன்று மாலை தங்கை அழைத்தாள்.

"கடைசி வரைக்கும் விளையாடினியாண்ணா?"

"பாதியிலயே கொட்டாவி வந்துடுச்சு. மாப்பிள்ளை மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரா?"

"தன் மனசுல உள்ளதெல்லாம் கேமோட முடிவுலதான் வச்சிருக்கறதா சொல்வாரு. நீ எழுதினதைப் படிச்சுட்டு வெளிய போனவரு இன்னும் வரலண்ணா."

போனை வைத்ததும், விட்ட இடத்திலிருந்து மறுபடி விளையாட உட்கார்ந்தார். கடைசிக் கட்டத்தில் ஒருவன் வீட்டைப் பூட்டிவிட்டு ஆற்றுப்பாலத்தில் ஏறினான். தங்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே பாலம்.

திரையை அப்படியே விட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.