விழுந்து பேர் வாங்கினவன்

மௌனப் படக் காலத்துச் சிரிப்பு நடிகர் ஒருவரை யூடியூபில் தோண்டி எடுத்தது நான்தான். நடிக்க வருமுன் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டவராம். படங்களில் பாதி அழிந்துபோய், ஆளையே உலகம் மறந்துவிட்டது. எனக்கு அதில் ரகசிய சந்தோஷம். யாருக்கும் தெரியாதவர் என்றால் எனக்கு மட்டும் சொந்தம்தானே? நானும் ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு போர்டுக்குக் கார்ட்டூன் போடுகிறவன்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தூத்துக்குடிப் பையன். ஒருநாள் அவனிடம் போனில் அவர் படத்தையும் கேலிச்சித்திரங்களையும் காட்டித் தொலைத்தேன்.

“எண்ணே, மனுசன் என்னமா விழுதாரு!” என்றான்.

“இன்னாடா, விழுறதையே பாத்துக்கினு கீற? அவரு வரைஞ்சத பாரு.”

அவன் காதில் ஏறவில்லை.

பாதுகாப்பு வாரம் வந்தது. எண்ணெயில் வழுக்கி, ஒரு கால் ஆகாயத்தில், ஹெல்மெட் தனியே பறக்க ஒருவன் விழுவதை வரைந்தேன். அந்த நடிகரின் விழுகைதான். கீழே நாலு வரி தமிழில் புத்திமதி. கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசாப் பையன்கள் அதைத் தாண்டிப் போய், இன்றைக்கு என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்தார்கள்.

பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள் நிகழ்ச்சியில் தூத்துக்குடிக்காரன் மேடையேறினான். ஒரு வார்த்தை பேசவில்லை. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டு எல்லாரும் கையால்தான் பேசுகிறோம். அந்தப் பாஷை அவனுக்குக் கைவந்தது. இல்லாத எண்ணெயில் வழுக்கினான். அதே கால், அதே ஹெல்மெட். ஒடிசா, பீகார் பையன்கள், பக்கத்து மண்ணூர்ப் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் எரிந்தது.

அன்றைக்கு மட்டும் வந்திருந்த பெரிய மேனேஜர் என் படத்துக்கு முன்னால் நின்றார். “பலே! தம்பி விழுந்ததை அதுக்குள்ள வரைஞ்சிட்டீங்களே!”

தூத்துக்குடிக்காரன்தான் ஓடி வந்தான்.

“இல்ல சார், அண்ணன் வரைஞ்சதப் பாத்துதான் நான் விழுந்து பழகுனேன். முட்டியப் பாருங்க!” என்று பேன்ட்டைச் சுருட்டித் தோல் உரிந்த முட்டியைக் காட்டினான்.

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பாவி, எனக்காக ஒரே ஒரு உண்மையைச் சொன்னான். அதற்கும் அவனுக்குத்தான் கைதட்டல்.