காலடி தெரியாத கண்ணாடி

எடெல்மீராவின் கண்ணைப் பற்றிக் கய்மாஸ் துறைமுக ஊரில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடப் போகிற பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. மண் எங்கே ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது, எங்கே பக்கத்து மண்ணைவிட வெளுத்திருக்கிறது, எந்த இடத்தில் மட்டும் புல் காரணமில்லாமல் செழித்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அவள் கை காட்டிய இடத்தில் மற்றவர்கள் இரும்புக் கம்பியை அடித்து இறக்குவார்கள். உருவி எடுத்து, பிண வாடை அடிக்கிறதா என்று நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். ஆறு வருடத்தில் ஒன்பது பேர் அப்படி வீடு திரும்பியிருக்கிறார்கள். பெட்டிக்குள்தான், ஆனாலும் திரும்பினார்கள். அவள் மகன் ரமீரோ அந்த ஒன்பதில் இல்லை.

ரமீரோ துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றும் லாரி ஓட்டினான். ஒரு மார்ச் மாதம் காலையில் வேலைக்குப் போனவன். லாரி நெடுஞ்சாலை ஓரத்தில் கதவு திறந்து கிடந்தது, ஐஸ் முழுக்க உருகி ரோட்டில் ஓடியிருந்தது. அவனைக் காணவில்லை. அன்று முதல் எடெல்மீராவுக்கு வாரத்தில் ஆறு நாள் தொர்த்தியா ரொட்டிக் கடையில் வேலை, சனிக்கிழமை கள்ளிக்காட்டில்.

கண் என்னவோ கூர்மைதான். ஆனால் வயது ஐம்பத்தாறு. தூரத்துக்கு ஒரு கண்ணாடி, வெள்ளெழுத்துக்கு ஒரு கண்ணாடி என்று இரண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாள். மண்ணில் எதையாவது எடுத்தால், அது பல்லா, பொத்தானா, வெறும் கூழாங்கல்லா என்று பார்க்க அதைக் கழற்றி இதை மாட்ட வேண்டும், அதுவும் மண்ணான கையோடு. ஏப்ரலில் அப்படிக் கழற்றித் தரையில் வைத்த தூரக் கண்ணாடியைக் தேடும் கூட்டத்தின் தலைவி பெனீத்தா பூட்ஸ் காலால் மிதித்துவிட்டாள். மகள் யெசேனியா எர்மோசியோவிலிருந்து வந்து, "இனிமே ரெண்டு வேணாம்மா, எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணாப் போட்டுக்கலாம்" என்று கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனாள். ப்ரோக்ரசிவ் லென்ஸ் என்றார்கள்.

கடையில் இருந்த பெண் நல்லவள், பொறுமையாகச் சொன்னாள்.

"மேல்பாதி தூரத்துக்கு, நடுவுல கை நீட்டுற தூரத்துக்கு, அடியில படிக்கிறதுக்கு. கண்ண உருட்டாதீங்கம்மா, எதப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கத் திருப்புங்க. படி எறங்குறப்ப நாடிய நெஞ்சோட ஒட்டிக்குங்க. ரெண்டு வாரம் தலை சுத்தும், அப்புறம் பழகிடும்."

"தரையப் பாக்கணும்னா?"

"எந்தத் தரைம்மா?"

"நின்னுக்கிட்டே பாக்குற தரை. காலடியில இருக்கறது."

"அதுக்கும் நாடிய இன்னும் கொஞ்சம் எறக்கிக்குங்க." எதற்குக் கேட்கிறாள் என்று எடெல்மீரா சொல்லவில்லை. மகனை மண்ணுக்குள் தேடுகிற சங்கதியைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிப்போகும், அதைப் பார்க்க அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

முதல் வாரம் நரகம். நடைபாதை விளிம்பு இருக்கிற உயரத்தைவிட மேலே எழும்பித் தெரிந்தது. இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்துத் தள்ளாடினாள். காப்பி கோப்பைக்கு வெளியே ஊற்றியது. கடையில் வரிசையில் நிற்பவர்களின் முகங்கள் ஓரத்தில் நெளிந்தன. மதியத்துக்குள் வாந்தி வருவதுபோல் இருக்கும்.

"என்னடி, கோழி மாதிரி தலைய வெட்டி வெட்டிப் பாக்குற?" என்று சிரித்தாள் சொக்கோரோ.

சொக்கோரோ இரண்டு தெரு தள்ளி இருப்பவள். எடெல்மீராவைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் மகன் ஒராசியோ மெக்கானிக், ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனைப் பட்டறையிலிருந்தே ஏதோ கும்பல் தூக்கிப் போயிருந்தது. தேட ஆரம்பித்த பிறகுதான் இருவரும் பழக்கம், ஆனால் கூடப் பிறந்தவர்கள்கூட அவ்வளவு நெருக்கமாக இருக்க மாட்டார்கள். சொக்கோரோவின் புருஷன் ஃபவுஸ்தோவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். மற்ற நாள் கட்டிலில். எடெல்மீராவின் புதுக் கண்ணாடியைப் பார்த்ததும், "வாம்மா டாக்டரம்மா" என்றார். "என் கல்லறையில பேரத் தப்பில்லாம எழுதியிருக்கானான்னு நீதான் படிச்சுச் சொல்லணும்."

"சும்மா இருங்க மாமா."

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் காட்டிலிருந்து திரும்பினால் ஃபவுஸ்தோ ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கெடைச்சானா?" இல்லை என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கண்ணாடி போட்ட ஒன்பதாம் நாள், மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. யாரோ பேர் சொல்லாமல் பெனீத்தாவுக்குப் போன் செய்திருந்தார்கள், இடிந்த செங்கல் சூளைக்குப் பின்னால் பாருங்கள் என்று. பதினொரு பெண்கள் போனார்கள். ஆளுக்கு நாலு அடி அகலத்தில் ஒரு வரிசை. பார்த்து முடித்த வரிசைக் கடைசியில் இருக்கும் செடியில் அவரவர் நிறத் துணியைக் கட்டுவார்கள், அந்த இடத்தில் மறுபடி யாரும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக. எடெல்மீராவின் துணி நீலம்.

சீமைக்கருவேலத்தின் இலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தொலைவில் அவர்களுக்குக் காவலாக வந்து நின்ற ஜீப்பின் நம்பரைப் படிக்க முடிந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே உலகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கியிருந்தது. நாடியை நெஞ்சில் ஒட்டினாள், தொப்பி விளிம்பு இடித்தது. தொப்பியைப் பின்னால் தள்ளினாள், வெயில் கண்ணில் அடித்தது. வியர்வையில் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்க, தெளிந்த இடமும் கூடவே நழுவியது. குனிந்து நடந்தால் தெரிந்தது. அந்த வெயிலில் வரிசை வரிசையாக எவ்வளவு தூரம்தான் குனிந்தே நடப்பது? கழுத்து மரத்துப்போனது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'எனக்குத் தரை தெரியல, வேற யாராச்சும் இந்தப் பக்கம் வாங்க' என்றால் முடிந்தது. ஆனால் அவள் எடெல்மீரா. அவளுடைய கண்ணை நம்பித்தான் மற்றவர்கள் சந்தேகமான இடங்களை எல்லாம் அவள் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

"எடெல், ஒன் பக்கம் எப்படி?" என்று குரல் கொடுத்தாள் பெனீத்தா.

"சுத்தம்."

நீலத் துணியைக் கட்டினாள். கட்டும்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. இரண்டு பெரிய கள்ளிகளுக்கு நடுவில் ஓர் இடம், அங்கே மண் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை. அந்த இடத்தில் அவள் தன் கழுத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றியது. எல்லோரும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள், அவளும் கூடப் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஃபவுஸ்தோ இறந்தார். கடைசி நாளன்று எடெல்மீரா பக்கத்தில் இருந்தாள், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் கண் திறந்து மனைவியைத் தேடினார்.

"கெடைச்சானா?"

"இந்த வாரம் கெடைச்சிருவான்" என்றாள் சொக்கோரோ. "நீங்க தூங்குங்க."

ஜூலையில் முதல் மழை பெய்தது. பக்கத்து ஊரான எம்பால்மேவிலிருந்து வந்த வேறொரு தேடும் கூட்டம், இவர்கள் பார்த்த இடம் என்று தெரியாமல், சூளைக்குப் பின்னால் இறங்கியது. இரண்டு கள்ளிகளுக்கு நடுவில் மழை மண்ணை அரித்து எலும்புகளை வெளியே காட்டியிருந்தது. செய்தி கேட்டு இவர்களும் ஓடினார்கள். வலது கால் எலும்பில் ஆறு திருகாணி போட்ட இரும்புத் தகடு ஒன்று இருந்தது. பதினாறு வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விழுந்து ஒராசியோ காலை முறித்துக்கொண்டபோது வைத்த தகடு. சொக்கோரோ மண்டியிட்டாள். தகட்டின் மேலிருந்த ஈர மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். பத்தடி தள்ளி, செடியில் நீலத் துணி வெளுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எடெல்மீராவே சொக்கோரோவின் வீட்டுக்குப் போனாள். சொக்கோரோ பயற்றை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"பாத்தியா, பாக்கலையா? அத மட்டும் சொல்லு."

"அக்கா..."

"எடெல், சுத்தி வளைக்காத. பாத்தும் தெரியாமப் போச்சுன்னா அது வேற. எனக்கும் எத்தனையோ போயிருக்கு."

ஆமாம், பார்த்தேன், தெரியவில்லை என்று சொல்ல ஒரு வழியைச் சொக்கோரோவே திறந்து வைக்கிறாள். நுழைந்துவிட்டால் போதும்.

"பாக்கல" என்றாள். "இந்தக் கண்ணாடியில தரை தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சொக்கோரோ பயற்றை ஒதுக்கி வைத்தாள்.

"அவர் மூணு வாரம் உசுரோட இருந்தார்டி."

"தெரியும்க்கா."

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ 'கெடைச்சுட்டான்'னு அவர்கிட்ட சொல்லியிருப்பேன். பொய் சொல்லி அனுப்பிவச்சேன்." குரல் உயரவே இல்லை. "வெக்கமாம். போ. கதவச் சாத்திட்டுப் போ."

எடெல்மீரா கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பெனீத்தா வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியபோது அவள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். "நம்ம எல்லாருக்கும்தான் கண்ணு மங்குது, விடு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி விடவில்லை. "எப்படி விடறது? இவ இந்தக் கண்ணாடியோட வேற எங்கெல்லாம் துணி கட்டியிருக்கா? அங்க என் பொண்ணு கெடந்தா?"

கணக்கெடுத்தார்கள். ஜூனில் வெயிலுக்காகத் தேடலை நிறுத்தியிருந்ததால் மூன்று சனிக்கிழமைகள்தான், பதினேழு வரிசைகள்.

எடெல்மீரா நேராக நின்று, புருவத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, அதை வெட்டிக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போனாள். "இந்தத் தூரம் மட்டும் தெரிஞ்சாப் போதும், வேற எதுவும் தெரிய வேணாம்" என்றாள். கடைப் பெண் எதற்கென்று கேட்டாள். இந்த முறை சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. நூலை வாங்கி மேசைமேல் வைத்து இரண்டு தரம் அளந்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் முழுக்க அந்தப் பதினேழு வரிசைகளையும் மறுபடி நடந்தார்கள். மழைக்குப் பின் முளைத்த களையை விலக்கி விலக்கி எடெல்மீரா ஒவ்வோர் அடியையும் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. ரமீரோ அங்கே இருந்திருக்கலாம் என்ற எண்ணம்தான் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை கூடவே வந்தது. அதற்குப் பிறகு எந்த வரிசையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்காமல் துணி கட்டுவதில்லை என்று கூட்டத்தில் முடிவாகியது. நேரம் இரட்டிப்பாகிறது என்று முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் மீறவில்லை.

எலும்புகள் ஒராசியோவுடையவைதான் என்று ஆய்வுக்கூடத்துத் தாள் வர அக்டோபர் ஆனது. அவனை அப்பாவின் பக்கத்திலேயே புதைத்தார்கள். எடெல்மீரா கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாக நின்றாள். சொக்கோரோ அவளைப் பார்த்தாள். பிறகு குழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒப்ரகோன் ஊரில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். எடெல்மீரா அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கான அடையாளம் போனில் விழுந்தது. பதில் மட்டும் வந்ததில்லை.

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ரொட்டிக் கடைக்குப் போக அந்தத் தெருதான் குறுக்குவழி. எடெல்மீரா தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.