கடைசி வாங்குப் பாலன்

எங்கட கொட்டாஞ்சேனைக் கோயிலில ஒரு வழக்கம். கிறிஸ்மசுக்கு முன்னால ஆகக் கடைசியா ஞானஸ்நானம் எடுக்கிற பிள்ளைதான் நாடகத்தில பாலன் யேசு. கறுப்போ, மொட்டையோ, அழுமூஞ்சியோ, அதைத்தான் வைக்கோல் பெட்டியில படுத்திறது. நாடகத்தை நடத்திறது என்ர பெரியம்மா. மாதா, சூசையப்பர், சம்மனசுகள் எல்லாரும் அவவின்ர ஆட்சிக்குக் கீழ. நான் மாடு. எத்தினையோ வருசமா மாடுதான். கார்ட்போட் முகமூடியோட பாலனுக்குப் பக்கத்தில முழங்காலில நிக்கவேணும். "உனக்கு அந்த முகவெட்டு இருக்கு" எண்டுவா பெரியம்மா.

அந்த வருசம் கடைசி ஞானஸ்நானம் என்ர தங்கச்சியின்ர மகனுக்கு. தங்கச்சிக்குக் கலியாணம் ஆகேல்லை. கட்டுறன், கட்டுறன் எண்டவன், பிள்ளை எண்டதும் ஃபோன் நம்பரை மாத்திக்கொண்டு மாயமாப் போயிட்டான். நாசமாப் போவான்.

பெரியம்மா வேதத்தைத் தூக்கிக்கொண்டு ஃபாதரிட்ட ஓடினா. முறை தவறிப் பிறந்தது பத்துத் தலைமுறைக்கும் ஆண்டவற்ற சபைக்குள்ள வரக்கூடாது எண்டு கிடக்காம். ஃபாதர் பிளேன்ரியை ஒரு முடக்குக் குடிச்சிட்டு, "அப்பிடிப் பாத்தா தாவீது ராசாவையே வெளியில நிப்பாட்டவேணும் அம்மா. அவற்ற முப்பாட்டன்மாரிலயும் அப்பிடிப் பிறந்த ஒராள் இருக்கு. இந்தக் குஞ்சு என்ன பாவம் செய்தது? ஞானஸ்நானத் தண்ணி தாய் தேப்பன்ர கலியாணப் படத்தைக் கேக்கிறேல்லை" எண்டார். ஞாயிற்றுக்கிழமை தலையில தண்ணியும் வாத்தார்.

பெரியம்மா அவருக்கு "ஓம் ஃபாதர்" எண்டா. வீட்ட வந்து எங்களுக்கு, "அவன் மோட்சத்துக்குப் போகட்டும், நான் மறிக்கேல்லை. வைக்கோல் பெட்டிக்குள்ள வரக்கூடாது" எண்டா.

கேட்டீங்களா கதையை! மோட்சத்து வாசலை விட அந்தப் பலகைப் பெட்டிக்குக் காவல் கூட.

ஆனா வழக்கத்தை மீற அவவுக்கும் பயம். அப்ப என்ன வழி? இன்னொரு பிள்ளைக்கு அதுக்குப் பிறகு ஞானஸ்நானம் நடக்கவேணும். த்ரீவீலைப் பிடிச்சுக்கொண்டு கொட்டாஞ்சேனை முழுக்க அலைஞ்சா. தண்ணி படாத ஒரு பச்சைப்பிள்ளையும் அகப்படேல்லை. கடைசியா மட்டக்குளித் தொடர்மாடியில ஒண்டைக் கண்டுபிடிச்சா. வயசு மூண்டு. பொம்பிளைப்பிள்ளை. தேப்பன் கட்டாரில, அவர் லீவில வரட்டும் எண்டு வீட்டார் தள்ளிக்கொண்டே வந்திருக்கினம். "வீடியோ கோலில பாக்கட்டும்" எண்டு பெரியம்மா ஒரே பிடி. ஆக, ரெண்டு பிள்ளைக்கும் ஞானஸ்நானத் தொட்டியடியில தேப்பன் இல்லை. ஒராள் ஃபோனுக்குள்ள இருந்தார், அவரும் சிக்னல் போய் வாயைத் திறந்தபடி அப்பிடியே உறைஞ்சிட்டார்.

தங்கச்சி சண்டை பிடிக்கேல்லை. மகனுக்கெண்டு தைச்ச வெள்ளைச் சட்டையை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சாள். "நீ மாடு எண்டபடியா நாடகம் பாக்க வாறன் அக்கா. அதோட சரி. இனி இந்தக் கோயில் வாசல் மிதிக்கமாட்டன்" எண்டாள். பிறகு, "மோட்சத்துக்குள்ள விட்டாலும், இவனைக் கடைசி வாங்கிலதான் இருத்துவினமோ?" எண்டு கேட்டாள். நான் மாட்டு முகமூடியின்ர காதை ஒட்டத் தொடங்கினன்.

ஒத்திகையில அந்த மூண்டு வயசு பெட்டிக்குள்ள அடங்கேல்லை. முழங்காலுக்குக் கீழ எல்லாம் வெளியில. "நான் பேபி இல்லை" எண்டு ஒரே கத்தல். பாலனைக் கும்பிட வாற மூண்டு ராசாக்களும் அதைவிட மோசம். அதில ஒராள் புறக்கோட்டைப் புடவைக்கடைக்காரர், தன்ர பேரையே மறக்கிறவர். பெரியம்மா களைச்சுப்போய், "ஐயா, நீங்க ஒண்டையும் யோசிக்காதேங்கோ. பாலன் எங்கயோ, அங்க போய் முழங்கால் போடுங்கோ. அவ்வளவுதான்" எண்டு மூண்டு பேருக்கும் உருப்போட்டுக் குடுத்தா.

நாடகம் தொடங்கிச்சு. கோயில் நிறைஞ்ச சனம். பாலன் முதல்ல என்ர முகமூடிக் காதைப் பிடிச்சு இழுத்துக் கிழிச்சுது. பிறகு "மாடு ஆன்ரி, தின்ன ரொபி இருக்கா?" எண்டுது. இல்லை எண்டு தலையாட்டினன். "அப்ப நான் போறன்" எண்டு எழும்பி, போர்வையை இழுத்துக்கொண்டு படி இறங்கிச்சு. சூசையப்பர் எட்டிப் பிடிக்கப் போய்த் தாடியைப் பறிகுடுத்தார். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது.

அந்த நேரம் பாத்து ராசாக்கள் வந்து சேந்திட்டினம். பெட்டி வெறுமை. புடவைக்கடை ராசா குனிஞ்சு வைக்கோலைக் கிளறிப்போட்டு, "எங்க பாலன்?" எண்டு சத்தமாவே கேட்டார்.

"இஞ்ச!" எண்டு பின்னாலயிருந்து ஒரு குரல். கடைசி வாங்குக்கு மேல அந்த மூண்டு வயசு ஏறி நிண்டு, தங்கச்சியின்ர மடியில நித்திரை கொள்ளுற பிள்ளையைக் காட்டுது. "இதுதான் பேபி!"

ராசாக்கள் சொன்னதைச் செய்யிற ஆக்கள். திரும்பினாங்கள். கிரீடத்தைப் பிடிச்சுக்கொண்டு கோயில் முழுக்க நடந்துபோய், தங்கச்சிக்கு முன்னால முழங்கால் போட்டாங்கள். அவள் பயந்துபோய்ப் பிள்ளையை இறுக்கிக் கட்டிப்பிடிச்சாள். சிரிப்பெல்லாம் நிண்டிட்டுது.

திரைக்குப் பின்னாலயிருந்து பெரியம்மா வாயில ஊசியைக் கவ்வினபடி ஓடி வந்தா. சரி, சன்னதம்தான் எண்டு நினைச்சன். வந்தவ, முழங்காலில நிக்கிற மூண்டு பேரையும் பாத்தா. பிள்ளையைப் பாத்தா. கனநேரம் பாத்தா.

"நான் சொல்லிக் குடுத்ததைத்தானே செய்யிறாங்கள்" எண்டு முணுமுணுத்தா. பிறகு எங்கட பக்கம் திரும்பி, "என்ன விடுப்புப் பாக்கிறியள்? மாதா, சூசையப்பர், மாடு! எல்லாரும் இஞ்ச வாங்கோ!"

தங்கச்சி எழும்பப் பாத்தாள். "நீ இரு, பிள்ளை முழிச்சிடும். சட்டை ஒண்டு தைச்சனியாமே, எங்க?" எண்டா பெரியம்மா.

தங்கச்சி ஹான்ட்பாக்கைத் திறந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள். அலுமாரிக்குள்ள வைச்சதை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், விசரி.

கார்ட்போட் முகமூடிக்குள்ள அழுதா மூக்கைக்கூடத் துடைக்கேலாது.