அத்தையின் பூனைக்குப் பேன் பார்த்த நாள்

எங்கள் வீட்டில் அத்தையின் பூனைக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. கூடலூரில் அப்பா ஏலக்காய் வாங்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மூட்டைகளை எலியிடமிருந்து காப்பாற்றுவதே அந்தப் பூனைதான் என்பது அத்தையின் கட்சி. அது ஒரு எலியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அத்தையின் மெத்தையில் படுத்து நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். "பூன சுத்தமான சாதி" என்பார் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர் அவர். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நாய் அம்மாவுடையது. வருசநாட்டிலிருக்கும் தன் பிறந்த வீட்டிலிருந்து குட்டியாகத் தூக்கி வந்தது. அத்தை அதை நிலைப்படி தாண்ட விட்டதே இல்லை. மாட்டுக்கொட்டத்தில்தான் படுத்துக்கிடக்கும்.

அந்தக் கோடையில் அத்தையின் கணுக்கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. தெள்ளுப்பூச்சிக் கடி. பழி நேராக நாய்மேல் விழுந்தது. அதுவும் வாலடியில் மயிர் கொட்டிப்போய்ச் சொறிந்துகொண்டுதான் திரிந்தது, பாவம். வேப்பிலை அரைத்துப் பூசினோம். புகையிலை ஊறிய தண்ணீரை ஊற்றினோம். அதை நக்கிவிட்டு வாந்தி எடுத்ததுதான் மிச்சம். இரண்டே நாளில் மறுபடியும் சொறியல்.

"வெள்ளிக்கெழம ஜீப்புல ஏத்தி, அந்த வருசநாட்டு நாய குமுளிக்கு அங்கிட்டு எறக்கி விட்ருடா. இந்தச் சீக்கெல்லாம் அது வந்த எடத்துல இருந்து வந்ததுதேன்" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா குனிந்தபடி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொந்த நாய்க்காக ஒரு வார்த்தை பேசினால் என்ன, வாயில் கொழுக்கட்டையா?

வியாழக்கிழமை காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "மாடு எர எடுக்க மாட்டேங்குது ஆத்தா. ஆஸ்பத்திரிக்குப் பத்திட்டுப் போ. நாய் பின்னால வந்தா வெரட்டாத."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார். மாடு அவர் மேசைமேல் இருந்த காகிதத்தை இழுத்து மென்றது. நான் நாயைக் காட்டி, நாளைக்கு ஜீப் வருவதைச் சொல்லி, ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் நாயின் மயிரை விலக்கிப் பார்த்தார். "தெள்ளு நாய்மேல கொஞ்சந்தான் பாப்பா இருக்கும். முட்டையும் புழுவும் படுக்குற எடத்துல கெடக்கும். நாய மட்டும் குளிப்பாட்டி என்ன பண்ண? வீட்ல பூன இருக்கா?"

"இருக்கு. அது சுத்தம் சார்."

"சுத்தமா? நக்கி நக்கிச் சாட்சிய முழுங்கிரும் அது" என்று சிரித்தார். பிறகு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. அப்பா கயிற்றோடு வந்தார். நான் ஓடிப்போய் மெத்தையில் கிடந்த பூனையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அம்மாவின் பேன்சீப்பு அங்கேயே கிடந்தது. பக்கத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டி, அலசிப் பிழியாமல் ஈரமாக. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏய், என்னடி பண்ற எம் பூனைய?" என்று அத்தை கத்தக் கத்தப் பூனையை வாரினேன். கைநிறையப் பிறாண்டல் வாங்கியும் விடவில்லை. வேட்டியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகக் கொட்டியது. கொட்டிய ஒவ்வொரு துகளும் ஈரத்தில் கரைந்து சிவப்பாகப் பரவியது.

"இது ரத்தம் அத்தை! தெள்ளு குடிச்சுட்டுப் போட்ட பீ! ஒங்க ரத்தமும் இதுலதேன் இருக்கும்!"

ஜீப் டிரைவர்கூட இறங்கி வந்து பார்த்தார். அத்தை லேசில் விடுகிற ஆளா? "நாய்கிட்ட இருந்துதேன் பூனைக்கு ஒட்டியிருக்கும்" என்றார்.

அப்பா கயிற்றைக் கீழே போட்டார். "நீதேன் நாய நெலப்படி தாண்ட விட்டதே இல்லையேக்கா" என்றார். அவர் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். அத்தை பூனையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஜீப் வெறும் ஜீப்பாகப் போனது. நான் நாயைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் தெருவே வேடிக்கை பார்த்தது. மெத்தை வெயிலுக்குப் போனது. அத்தையின் போர்வை, நாய் படுக்கும் சாக்கு எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குப் போயின. பத்துப் பதினைந்து நாள் விடாமல் வீட்டைப் பெருக்கி, இரண்டையும் வாரி வாரி, தெள்ளை ஒழித்துக்கட்டினோம். நாய்க்கு வாலடியில் புதுமயிர் முளைத்தது.

ஜெயித்த அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னினாள். "நான் இல்லேன்னா ஒன் நாய் போயிருக்கும்ல?" என்றேன்.

"ஆமா ஆத்தா. நீ இல்லேன்னா போயிருக்கும்" என்றாள். அப்போது அவள் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரை எடுக்கவில்லை என்று நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போன மாடு, அந்த வியாழக்கிழமை விடிந்ததுமே அம்மா போட்ட ஒரு கட்டுச் சோளத்தட்டையை மிச்சமில்லாமல் தின்று முடித்திருந்தது. அதை நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.